கச்சானுக்குக் காத்திருந்து வறுத்த கோப்பி

என் அத்தானின் வலது கையை எங்கள் வீட்டு உரலில் வைத்து உலக்கையால் நசுக்கினார்கள். நசுக்கியவர்கள் மூன்று சகோதரர்கள். அவர்களை எங்கள் வளவுக்குள் அழைத்து வந்தவன் நான். வாயால் அழைக்கவில்லை, கோப்பி வறுத்து அழைத்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. வயதைச் சொல்லித் தப்புவதற்காக இதை எழுதவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்துதான் வறுத்தேன்.

என்னோடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வளர்ந்தவர்களில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும். அக்கா கோப்பி வறுத்துத்தான் புருசனைக் காட்டிக்கொடுத்தாள் என்று உங்கள் வீடுகளிலும் பேசியிருப்பார்கள். நீங்களும் நம்பியிருப்பீர்கள். அது பொய். பொய் என்று தெரிந்த ஒருவன் உங்களோடு ஒரே வாங்கிலில் இருந்து படித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிக் கடைகளில் சாமான் குறைந்துகொண்டிருந்த காலத்தில் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். நம் பக்கத்து வழக்கப்படி வீடு அக்காவுக்கு. அத்தான் கடலோரத்துப் பெரியகல்லாற்றிலிருந்து அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரு தகரப் பெட்டியும் ஒரு சாக்குப் பச்சைக் கோப்பிக்கொட்டையும் அவரோடு வந்தன. கண்டிப் பக்கத்தில் ஏதோ தோட்டத்துப் பண்டசாலையில் சில காலம் வேலை செய்தவர். அவருடைய நாக்கு அங்கே பழகியது. நாங்கள் குடித்தது மல்லிக் கோப்பி. மல்லியும் சுக்கும் வறுத்து, வாசத்துக்கு நாலு கோப்பிக்கொட்டை போட்டு இடித்த தூள். அத்தான் முதல் நாள் அதில் ஒரு வாய் குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினார்.

"என்ன புள்ள இது? மாட்டுக்குப் பருக்கிற மருந்தா?"

அம்மா சிரித்தார். புது மாப்பிள்ளை பகிடி விடுகிறார் என்று நினைத்தார்.

அன்றிலிருந்து அவருக்குத் தனிக் கோப்பி. மல்லி கலக்காதது, கரியாவதற்குச் சற்று முன் இறக்கியது. ஊரில் வேறு எவரும் அப்படிக் குடிக்கவில்லை. எங்கள் அடுக்களையில் அது வறுபட்டால், வாவியில் தோணி தள்ளிக்கொண்டு போகிறவர்கள்கூட, "கல்லாத்து மாப்பிள்ள எழும்பிற்றார்" என்பார்கள்.

அக்காவுக்கு இளைப்பு. புகை பட்டால் நெஞ்சு இழுக்கும். அதனால் வறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அடிதான் சொல்லித்தந்தது. வறையோடு என்று ஒன்று இருந்ததே, ஒரு பக்கம் வாய் திறந்த மண்சட்டி, அதை மூன்று கல்லில் வைத்துச் சிரட்டைத் தணலில் சூடாக்க வேண்டும். ஈர்க்குக் கட்டால் ஓயாமல் கிளற வேண்டும். முதலில் நனைந்த வைக்கோல் மணம் வரும். கொட்டை மஞ்சளானதும் நெல் அவிக்கிற மணம். பிறகு பொரி வெடிப்பதுபோல முதல் வெடி. அந்தப் புகை அடுக்களையைத் தாண்டாது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இரண்டாம் வெடி கேட்கும். சருகைக் கறையான் அரிப்பதுபோல மெல்லிய சத்தம். கொட்டையின் முதுகில் எண்ணெய் மினுங்கும். அப்போது எழும் புகை வேலியைத் தாண்டும், ஒழுங்கையைத் தாண்டும். அதற்குமேல் ஒரு தேவாரம் பாடும் நேரம் விட்டால் மிஞ்சுவது கரி.

நான் வெளிறலாக இறக்கிய ஒரு நாள், அத்தான் சூட்டுக்கொட்டை ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். என் விரல்களை மடக்கி, மேலே தன் கையால் பொத்திப் பிடித்தார்.

"சூடெண்டா என்னெண்டு இப்ப விளங்குதா, மனே?"

குரலில் கோபமே இல்லை. நான் கத்தக் கத்தக் கை இறுகிக்கொண்டே போனது. கரியவிட்ட நாட்களில் ஈர்க்குக் கட்டு முதுகில் விழும். ஈர்க்கு அடி வெளியே தெரியாது, குளிக்கும்போதுதான் எரியும். அக்காவுக்கு விழுந்தவற்றுக்குக் காரணம் தேவைப்படவில்லை. உப்புக் கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. ஒருநாள் கொண்டையைப் பிடித்து இழுத்து அம்மியில் முகத்தை மோதினார். முன்பல் ஒன்று மஞ்சள் அரைத்த தண்ணீரில் கிடந்தது. அம்மா அதை எடுத்துக் கூரையில் எறிந்தார், பால்பல்லை எறிவதுபோல.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார் அம்மா.

மாமா, அம்மாவின் அண்ணன், வந்து அக்காவிடம் விசாரித்தார். "உன்ட வீடு, உன்ட வளவு. நீ போ எண்டா அவர் போகத்தான் வேணும். ஆனா மறுகா ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இருவரும் அன்பில்லாதவர்கள் அல்லர். காயத்துக்கு மருந்து வைப்பார்கள். காயம் வராமல் தடுப்பதைத் தங்கள் வேலையாக நினைக்கவில்லை. அப்போது எனக்கு அவர்கள்மீதும் வெறுப்பு இருந்தது. இன்று எனக்கு அவர்களைவிட வயது கூடிவிட்டது. அந்த வெறுப்பை வைத்திருக்க உரிமையில்லை.

அந்த வருடச் சிறுபோக வேளாண்மைக்குத் தண்ணீர் குறைவு. எங்கள் ஊர் வயல்வெளியான வட்டையில், எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல் நாலு சகோதரர்களுடையது. அவர்கள் வளவும் எங்கள் வளவுக்குக் கிழக்கே, வாவிக்கரையோரம். ஒரு காலையில் அத்தான் அவர்களுடைய முறைத் தண்ணீரை வெட்டி எங்கள் வயலுக்கு விட்டார். நான் கஞ்சி கொண்டு போயிருந்தேன். நால்வரில் இளையவன் ஓடி வந்தான். மீசை அரும்பியிருந்த பொடியன்.

"டோய் கல்லாத்தான்! மீன் புடிச்ச கைக்கு மண்வெட்டி என்னத்துக்கு? பொண்டாட்டி வீட்டுச் சோறு திண்டு உனக்கு இவ்வளவு கொழுப்பா?"

சொல்லிக்கொண்டே குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வாய்க்காலை அடைத்தான். அத்தான் மண்வெட்டியை ஓங்கி, அடைத்துக்கொண்டிருந்த கையின் மேல் இறக்கினார். வரம்பு வெட்டும் அதே வேகம். விரல்கள் சேற்றில் கிடந்தன. தண்ணீர் சிவந்து, ஓடி, மறுபடி தெளிந்தது. கயல் குஞ்சுகள் வந்து கொத்தின. பொடியன் கத்தவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கஞ்சிச் சட்டியை எங்கே போட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

அத்தான் காட்டு வழியால் பொலன்னறுவைப் பக்கம் ஓடிவிட்டதாக அம்மா ஊரில் சொன்னார். உண்மையில் அவர் அடுக்களைக்கு மேலே, நெல்மூட்டை அடுக்கிய பரணில் கிடந்தார். ஊர் அதிகாரி விதானையார் வந்தார், கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார், மல்லிக் கோப்பி குடித்தார், போய்விட்டார். சகோதரர்களில் மூத்தவனும் வந்தான். வேலிப் படலைக்கு உள்ளே கால் வைக்கவில்லை.

"அக்கா, உங்களோட எங்களுக்கு ஒண்டுமில்ல. ஆள் எங்க?"

"இஞ்ச இல்ல தம்பி. கண்ணகை அம்மனாண இல்ல."

அம்மன்மேல் ஆணையிட்ட பெண்பிள்ளையை அவன் நம்பினான். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். அவன் போன பிறகு அம்மா வறையோட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆள் தோணியில ஏறுமட்டும் இதில ஒரு கொட்ட விழப்படா. அந்தக் கோப்பி ஆர் குடிக்கிறதெண்டு ஊருக்கே தெரியும். மணம் போனா உசிரும் போகும். கேட்டயளா ரெண்டு பேரும்?"

கேட்டோம். மாமா வெள்ளிக்கிழமை தோணியோடு வருவார். வாவியால் கொண்டுபோய், பிறகு வண்டியில் ஓட்டமாவடிக்கு அனுப்பி, தனக்குத் தெரிந்த நெல் வியாபாரி ஒருவரின் கடையில் விடுவார் என்று ஏற்பாடு.

பரணில் வெக்கை, எலி, நெல்லுமிச் சுணை. கோப்பி இல்லாமல் அத்தானுக்குத் தலை இடித்தது. முதலில் கெஞ்சினார். பிறகு சாப்பாடு கொண்டு ஏறிய அக்காவின் கையைப் பிடித்து முறுக்கினார். சத்தம் வெளியே போகக்கூடாது என்பதால் அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லா அடியும் சத்தமில்லாமல் நடந்தது.

வியாழக்கிழமை விடியற்காலை, காற்று எழும்ப முன், அக்கா பயந்து பயந்து ஒரு பிடி கொட்டை வறுத்தாள். முதல் வெடி வெடிக்கும் முன்பே இறக்கிவிட்டாள். மணம் அடுக்களை மூலைக்குக்கூடப் போகவில்லை. ஊற்றிக் கொடுத்த கோப்பி புல்லுத் தண்ணீர்போல இருந்திருக்கும். அத்தான் ஒரு வாய் வைத்துவிட்டு, பித்தளை மூக்குப்பேணியை மேலிருந்தே அவள் முகத்தில் எறிந்தார். புருவம் பிளந்தது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் கீழே உட்கார்ந்து, தரையில் சிந்திய கோப்பியை முதலில் துடைத்தாள். பிறகுதான் தன் முகத்தைத் துடைத்தாள். நெற்றியில் துணி சுற்றிக்கொண்டு, உடுப்பு மூட்டையை எடுத்து வாவியின் தெற்குத் துறைக்குத் தோய்க்கப் போனாள். அம்மா அதற்கு முன்பே வட்டைக்குப் போயிருந்தார்.

நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்தேன்.

இனிச் சொல்லப் போவதை நான் எவருக்கும் அழகாகச் சொல்ல முயன்றதில்லை. கச்சான் காற்று எப்போது எழும்பும் என்று படுவான்கரையில் சிறுபிள்ளைக்கும் தெரியும். வெயில் ஏறினால் மேற்கிலிருந்து கிளம்பி, வாவியைப் பார்த்து வீசும். கிழக்கே இருந்தது அந்தச் சகோதரர்களின் வளவு. நான் அடுப்பிலிருந்து சாம்பல் ஒரு சிட்டிகை எடுத்து வாசலில் விட்டேன். நேரே விழுந்தது. காத்திருந்தேன். மறுபடி விட்டேன், கொஞ்சம் சாய்ந்தது. காத்திருந்தேன். புளியமரம் சலசலத்து, சாம்பல் என் கையிலிருந்தே கிழக்கே பறந்தபோது எழுந்து, அடுக்களையின் கிழக்குத் தட்டியைக் கழற்றிச் சுவரில் சாத்தினேன். வறையோட்டை நிமிர்த்தி வைத்தேன். சாக்கில் மிஞ்சிய கொட்டை முழுவதையும் கொட்டினேன்.

"ஆர் கீழ?" பரணிலிருந்து குரல்.

"நான்."

"வறுக்கிறயா? அக்கா சொன்னவளா?"

"ஓம்."

அம்மா சொன்னது அவருக்கும் தெரியும். ஆனால் மணம் மேலே போகத் தொடங்கிவிட்டது.

"ரெண்டாம் வெடி கேட்டு மறுகா இறக்கு. முந்தி இறக்கிராத" என்றார்.

முந்தி இறக்கவில்லை. வைக்கோல் மணம், அவிச்ச நெல் மணம், முதல் வெடி, இரண்டாம் வெடி. நீலப் புகை கூரைத் தாழ்வாரத்தில் முட்டி, வளைந்து, தட்டி கழற்றிய இடத்தால் ஒரு துணியை உருவுவதுபோலக் கிழக்கே போனது. சுளகில் கொட்டி விசிறினேன். ஆறவிட்டு உரலில் இடித்தேன். உலக்கைச் சத்தமும் கேட்கட்டும் என்று இடித்தேன். தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றிப் பேணியை மேலே கொண்டுபோனேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தாடி வளர்ந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இண்டைக்குத்தான் மச்சான் உன்ட கை பழகியிரிக்கு."

அதுவரை நான் 'டேய்'. சூட்டுக்கொட்டையைப் பொத்திப் பிடித்த நாளில் மட்டும் 'மனே'. மச்சான் என்று அன்றைக்குத்தான் அழைத்தார். கையை என் தலையில் வைத்தார். உடனே எடுக்கவில்லை.

"அக்காவுக்குக் காயம் பெரிசா?"

"இல்ல."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். பின்வேலியால் பாய்ந்தால் பற்றைக் காடு. போய்ச் சேர நேரம் இருந்தது. நான் வெறும் பேணியை வாங்கிக்கொண்டு ஏணியால் இறங்கினேன்.

சகோதரர்கள் மூவரும் படலையைத் திறக்கவில்லை; வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார்கள். மூத்தவன் கையில் கத்தி. மற்ற இருவர் நேரே அடுக்களைக்குள் நுழைந்து ஏணியில் ஏறினார்கள். நெல்மூட்டை ஒன்று உருண்டு விழுந்து வெடித்தது. அத்தானைக் காலில் பிடித்து இழுத்தார்கள். ஏணியின் ஒவ்வொரு படியிலும் அவருடைய தலை மோதிய சத்தம் தனித்தனியாகக் கேட்டது.

"கோப்பி குடிக்காம ஒண்ணாதா உனக்கு? எங்கட தம்பி இப்ப சோத்தப் பிசைய ஒண்ணாமக் கிடக்கான். தெரியுமா?"

மூத்தவன் கத்தியை ஓங்கினான். அப்போதுதான் அக்கா ஓடி வந்தாள், ஈரச் சேலையோடு. அத்தான்மேல் குப்புற விழுந்தாள். அவளை வெட்டினால்தான் அவரை வெட்டலாம். ஒருவன் அவளுடைய முடியைப் பிடித்து இழுத்தான், அவள் விடவில்லை. காலால் உதைத்தான், விடவில்லை. மூத்தவன் கத்தியைத் தாழ்த்தினான்.

"உசிர் வேணாம். கைய எடு."

அக்காவின் முதுகையும் அத்தானின் கழுத்தையும் மிதித்துக்கொண்டு அவருடைய வலது கையை இழுத்து உரல் வாயில் வைத்தார்கள். உரலில் கோப்பித்தூள் இன்னும் இருந்தது. உலக்கை எத்தனை தரம் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூடவில்லை. முதலில் எலும்பின் சத்தம். பிறகு ஈரச் சத்தம். அக்காவின் குரல், அவ்வளவு நாளும் சேலைக்குள் கடித்து வைத்திருந்த குரல், அப்போதுதான் வெளியே வந்தது. போகும்போது அவர்கள் உரலைக் காலால் உருட்டிவிட்டு, வறையோட்டைச் சுவரில் அடித்து உடைத்தார்கள்.

அம்மா வட்டையிலிருந்து ஓடி வந்து எல்லாவற்றையும் பார்த்தார். அத்தானைத் தோணியில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, ஈர்க்குக் கட்டை எடுத்தார்.

"ஆர் வறுத்த? சொல்லு! ஆர் வறுத்த?"

"நான்தான்மா. விடியக் காலம நான்தான் வறுத்தன்."

அக்கா பொய் சொல்லவில்லை. வறுத்தாள்தானே. உரலில் கிடந்த தூளையும் தன்னுடையதென்றே எண்ணி, தன் ஒரு பிடிக் கொட்டைதான் அவர்களைக் கூட்டிவந்தது என்று நம்பினாள். பிளந்த புருவத்தோடு நின்றவளை அம்மா முகம், முதுகு என்று பார்க்காமல் அடித்தார். நான் சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் தோணியோடு வந்த மாமாவும் அவளைத்தான் ஏசினார்.

கை ஆறியது. காய்ந்த இஞ்சிக் கிழங்குபோல ஆறியது. இடது கையால் சாப்பிடுவது வழக்கமில்லாததால், அக்கா சோற்றைக் குழைத்து ஊட்டினாள். அவள் வேலையாக இருந்தால் நான் ஊட்டினேன். ஊர் அதைப் பார்த்து, "பொடியனுக்கு அத்தான்ல உசிர்" என்றது. இரண்டு வருடம் ஊட்டிவிட்டு விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தப்பித்துப் போனேன் என்று எழுதுவதுதான் சரி.

அத்தான் அதன்பிறகு அக்காவை அடிக்கவில்லை. அடிக்கத் தேவையிருக்கவில்லை. சோறு பிந்தினாலும், அவள் வாய் திறந்து ஒரு மறுபேச்சுப் பேசினாலும், கையைத் தூக்கிக் காட்டுவார். "ஆர் வறுத்த கோப்பி?" என்று கேட்பார். அவ்வளவுதான். அவள் தலை குனிந்துவிடும். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைக் கேட்டேன். ஆசிரியராகி, கலியாணமாகி, பிள்ளைகளோடு போனபோதும் கேட்டேன். என் பங்கு வயலை அக்கா பேருக்கு எழுதினேன். தம்பியென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சலையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அத்தானிடம் போய்ச் சொன்னேன். சாய்மனைக் கதிரையில் கிடந்தார். காற்றுக்குக் காத்திருந்ததையும், தட்டி கழற்றியதையும், ஒன்று விடாமல் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"தெரியும்" என்றார். "ஆசுபத்திரியில கிடக்கக்குள்ளயே யோசிச்சிற்றன். அவள் விடியக் காலம வறுத்ததில மணம் எங்க இரிந்த? நீ வறுத்ததுதான் போயிரிக்கு."

"அப்ப ஏன் அக்காவ..."

"அவளிட்டச் சொல்லிராத, மச்சான். தன்னாலதான் என்ட கை போனதெண்ட எண்ணத்திலதான் என்னோட இரிக்காள். இல்லாட்டி எப்பவோ வெளியில போட்டிரிப்பாள்."

இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. நான் எழுந்து நேரே அடுக்களைக்குப் போனேன்.

அக்கா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும் வரை கை அரிசித் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"காத்துப் பாத்தா வறுத்த நீ?"

"ஓம், அக்கா."

"அப்ப நான் வறுத்தது?"

"அதுல மணமே இல்ல."

"அவருக்குத் தெரியுமா?"

"அண்டைக்கே தெரியுமாம்."

அரிசியை வடித்து உலையில் போட்டாள். மத்தியானம் சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் மீன்குழம்பும் போட்டு அத்தானுக்கு முன்னால் வைத்தாள். எப்போதும்போல அவர் வாயைத் திறந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"தின்னுங்க."

"எப்பிடிப் புள்ள?"

"மத்தக் கை இரிக்கெல்லா."

அத்தான் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையைச் சோற்றில் வைத்தார். பாதி மடியில் விழுந்தது. அக்கா பொறுக்கி எடுக்கவில்லை.

படலை வரைக்கும் என்னோடு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"தம்பி, அண்டைக்கு உனக்குப் பதினொரு வயசு. அதை நான் கேக்கல்ல. மத்த வருசங்களில உனக்கு என்ன வயசு?"

அவள் படலையைச் சாத்தினாள்.

அத்தான் அதன்பிறகு அதிக காலம் இருக்கவில்லை. அவரை அவள் வீட்டை விட்டு அனுப்பவில்லை, ஊட்டவும் இல்லை. நான் ஒவ்வொரு சித்திரை வருசத்துக்கும் போகிறேன். அவளுடைய பேத்தி ஒரு கதிரையை முற்றத்தில் கொண்டுவந்து போடும். அக்கா வாசலுக்கு உள்ளே இருந்து, முழங்கால் எப்படி, பிள்ளைகள் எங்கே என்று கேட்பாள். பலகாரம் வரும்.

இந்த வருடம் வெயில் கடுமை. "உள்ளுக்கு வந்து இரிங்க, தாத்தா" என்றது பேத்தி. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுளகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்; நிமிரவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வேம்பின் நிழலில் போட்டு உட்கார்ந்தேன்.